மாதிரி நோயாளி

எலும்பு முறிவு வார்டில் அன்று காலை ஒரு சண்டை நடந்தது. சாவிக்காரர் மகள் அதைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்திருக்கக் கூடாது. ஆனால் சிரித்தாள், அதை மறைத்து என்ன பயன்.

சண்டை போட்டவள் பக்கத்துக் கட்டில்காரரின் மகள். கட்டில்காரர் முடிதிருத்துபவர், படியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டு வந்தவர். அவர் மணிக்கட்டில் சிவப்புப் பட்டை கட்டியிருந்தது. சிவப்பு என்றால் ஏதோ ஒரு மருந்து அந்த உடம்புக்கு ஆகாது என்று அர்த்தம். வெள்ளை என்றால் அப்படி எதுவும் இல்லை.

"பென்சிலின் ஒத்துக்காதுன்னு போட்டிருக்கு! யாரு சொன்னா? எங்கப்பா சின்ன வயசுலேர்ந்து அந்த ஊசியப் போட்டுக்கிட்டே வளந்தவரு. நாங்க அப்படிச் சொல்லவே இல்லையே!"

"கத்தாதீங்கம்மா. தப்பா ஏறியிருக்கும், எடுத்துடறேன்." வார்டு நர்ஸ் தள்ளுவண்டியில் இருந்த கம்ப்யூட்டரில் இரண்டு தட்டு தட்டினாள். "ஆச்சு, எடுத்தாச்சு. வேற பட்டை கட்டறேன்."

சாவிக்காரர் மகளின் மாமியார் அடுத்த கட்டிலில் இடுப்பெலும்பு முறிந்து மல்லாந்து கிடந்தாள். வலி அவள் வாயை மட்டும் தொடவில்லை. "கேட்டியாடி? இல்லாத மனுஷனுக்கும் நோவக் குடுக்குது உன் மிஷினு. தாராள மனசுதான்."

இதற்குத்தான் மருமகள் சிரித்தாள். 'உன் மிஷின்' என்று மாமியார் சொன்னது அந்த மருத்துவமனையின் நோயாளிப் பதிவு மென்பொருளை. அதை எழுதியது சாவிக்காரர் மகள். மாமியார் சேர்ந்த முதல் நாளே இடப்பக்கம், வலப்பக்கம், சாப்பாட்டுத் தட்டு எடுக்க வருகிறவள் என்று ஒருத்தர் விடாமல் அதைச் சொல்லிவிட்டிருந்தாள்.

அந்த மாமியாருக்குப் பென்சிலின் உண்மையாகவே ஆகாது. இளம் வயதில் பல் பிடுங்கப் போன இடத்தில் ஓர் ஊசி போட்டார்கள். நாக்கு வீங்கி, மூச்சு அடைத்து, எமன் வாசல்வரை போய்த் திரும்பி வந்தவள். இன்னொரு முறை ஏறினால் திரும்பி வருவாள் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அவளுக்கு இன்று ஆபரேஷன்.

சாவிக்காரர் மகளுக்கு நாற்பது தாண்டிவிட்டது. காதோரம் நரை எட்டிப் பார்க்கிறது. இருந்தும் பிறந்த தெருவில் அவளுக்கு வேறு பெயர் கிடையாது. அப்பா பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, ஓர் ஆள் திரும்பினால் இன்னோர் ஆள் வெளியே போக வேண்டிய அளவுக் கடையில், டூப்ளிகேட் சாவி போட்டுக் கொடுத்தவர். கடை தம்பிக்குப் போனது, கணக்குப் புத்தி அக்காவான இவளுக்கு வந்தது. முதல் வேலை ஒரு மருத்துவமனையில் தட்டச்சு. அதே வார்டு, அதே டாக்டர், அதே விதிமுறை என்று ஒவ்வொரு நோயாளிக்கும் திரும்பத் திரும்ப அடித்து அடித்து அவளுக்கு வெறுத்துப் போனது. ஒருதரம் அடித்ததை எதற்காக ஆயிரம் தரம் அடிக்க வேண்டும் என்ற எரிச்சலில்தான் நிரல் எழுதக் கற்றுக்கொண்டாள். சோம்பேறித்தனம்தான் தன்னைப் படிக்க வைத்தது என்று அவளே சொல்வாள்.

வாய்த்த கணவன் தொலைதூரப் பேருந்து ஓட்டுநர். வீட்டில் இருக்கும் நாளைவிட வழியில் இருக்கும் நாள் அதிகம். ஆகவே வீட்டை ஆண்டது இரண்டு பெண்கள். மின்விசிறி எந்த வேகத்தில் சுற்ற வேண்டும் என்பதில் தொடங்கி, குழம்பில் உப்பு யார் போடுவது என்பதுவரை கீரியும் பாம்பும்தான். ஆனால் மருமகள் வேலை முடிந்து வரத் தாமதமானால் தெருமுனையில் வந்து நிற்பதும் அந்தக் கிழவிதான். ஏன் வந்தாய் என்று கேட்டால், காற்று வாங்க வந்தேன் என்பாள்.

மருத்துவமனை மென்பொருளுக்கு வருவோம். அதை வடிவமைக்க உட்கார்ந்தபோது தலைமை நர்ஸ் வைத்த கோரிக்கை ஒன்றே ஒன்று. அவர் பேச்சு எப்போதும் கட்டளை போலத்தான் இருக்கும்.

"ஒவ்வொருத்தரையும் அடியிலேர்ந்து நிரப்ப எங்களுக்கு நேரம் கிடையாதும்மா. எலும்பு முறிவுக்கு ஒரு மாதிரி வெச்சுக்குங்க, பிரசவத்துக்கு ஒரு மாதிரி வெச்சுக்குங்க. புதுசா ஆள் வந்தா அதே மாதிரி போட்டுடுங்க. பேரு, வயசு மட்டும் நாங்க மாத்திக்கறோம்."

தட்டச்சு செய்து விரல் தேய்ந்தவளுக்கு இதைவிட இனிப்பான வார்த்தை வேறு என்ன இருக்கிறது? அப்படியே செய்தாள். கம்ப்யூட்டருக்குள் ஒரு 'மாதிரி நோயாளி'யைப் படைத்தாள். பெயர் இல்லை, வயது இல்லை. ஆனால் வார்டு, டாக்டர், விதிமுறைகள், ஒவ்வாமை எழுத ஒரு வெற்றுப் பட்டியல் எல்லாம் தயார். புது ஆள் வந்தால் புதிதாகக் கட்ட வேண்டாம். மாதிரியிடம் சொன்னால் அது தன்னைத் தானே நகல் எடுத்துக் கொடுக்கும். அந்தக் கட்டளைக்குத் தலைமை நர்ஸின் சொல்லையே பெயராக வைத்தாள்: அதேமாதிரி.

முதலில் ஆழமான நகலாகத்தான் எழுதினாள். மாதிரிக்குள் என்னென்ன இருக்கிறதோ அத்தனையையும், அதற்குள் இருப்பதையும், வேரோடு பிடுங்கி இன்னொன்று செய்வது. அலுவலகத்தில் அதற்கு டீப் காப்பி என்று பெயர். அவள் தொலைபேசியில் பேசுவதைக் கேட்ட மாமியார், "டீயா காப்பியான்னு அங்க இன்னும் முடிவு பண்ணலையா?" என்று கேட்டாள். விளக்கிச் சொல்ல மருமகளுக்குப் பொறுமை இல்லை.

அந்த ஆழம்தான் ஒரு நாள் அவள் காலை வாரியது. நோயாளியோடு டாக்டரும் நகலாகிக்கொண்டிருந்தார். இருநூறு நோயாளி என்றால் உள்ளே இருநூறு டாக்டர். ஒரு டாக்டர் தொலைபேசி எண்ணை மாற்றினார், உள்ளே இருந்த இரட்டையர் எவரும் மாற்றவில்லை. நர்ஸ் அவசரத்துக்குப் பழைய எண்ணில் அழைத்தால், அதைப் புதிதாக வாங்கியிருந்த சலவைக்கடைக்காரர் எடுத்து, "உங்க துணி ரெடியா இருக்கு, வந்து எடுத்துக்குங்க" என்றார். மருத்துவமனை பொங்கியது. மேலாளர் அவள் மேசை முன்னால் வந்து நின்றார்.

அவள் நகலை மேலோட்டமானதாக மாற்றினாள். பெயரும் வயதும் ஆளுக்கு ஒன்று. உள்ளே இருக்கும் பெரிய பொருள்களை நகல் எடுக்காமல் சுட்டிக்காட்டினால் போதும். டாக்டர் ஒருவரே, எல்லா நோயாளியும் அவரையே காட்டுவார்கள். சோதித்தாள். ஒரு நகலின் பெயரை மாற்றினாள், மற்றது மாறவில்லை. வயதை மாற்றினாள், மாறவில்லை. டாக்டரின் எண்ணை மாற்றினாள், எல்லோருக்கும் ஒழுங்காக மாறியது. அடுத்து எதைச் சோதிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் பக்கத்து வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. மாமியார் குளியலறையில் விழுந்துவிட்டாள், எழுப்ப முடியவில்லை. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. செய்தவரை அனுப்பிவிட்டு ஓடினாள். அவள் அனுப்பியதை அலுவலகம் மறுநாள் காலை மருத்துவமனையில் ஏற்றியது. மாமியாரை ஓர் இரவு பக்கத்துக் கிளினிக்கில் வைத்திருந்துவிட்டு அவர்களும் மறுநாள் அங்கேதான் வந்து சேர்ந்தார்கள்.

சேர்க்கும் இடத்தில் ஒன்று நடந்தது. "பென்சிலின் ஆகாதுங்க" என்று அவள் சொன்னதும், பதிவு செய்கிற பெண் திரையைப் பார்த்துவிட்டு, "அதான் ஏற்கனவே இருக்கே" என்றாள்.

"நாங்க இப்பத்தானே சொல்றோம்?"

"எப்படியோ ஏறியிருக்கு மேடம். உங்க சிஸ்டம் ரொம்ப ஃபாஸ்ட்டு."

"என் மருமக முன்னாடியே எழுதி வெச்சிருப்பா," என்றாள் ஸ்ட்ரெச்சரில் கிடந்த மாமியார். "அவ எல்லாத்தையும் முன்யோசனையாத்தான் செய்வா."

கல்யாணமானதிலிருந்து மாமியார் வாயால் கேட்டிராத பாராட்டு. அந்தக் குளிர்ச்சியில் மருமகளின் மூளை வேலை செய்யவில்லை. சொல்லாத ஒன்று பதிவில் எப்படி ஏறும் என்று, ஆயுள் முழுக்க இதே வேலை பார்க்கிறவளுக்குத் தோன்றவில்லை. எனக்கு அவள்மேல் கோபம் வருவது இந்த இடத்தில்தான். அவசரத்தில் சோதிக்காமல் விட்டதை மன்னிக்கலாம். கண்முன் வந்து நின்ற பேயை மாலை போட்டு வரவேற்றதை எப்படி மன்னிப்பது?

சண்டை ஓய்ந்தபின் அவள் குடிநீர் வாங்கக் கீழே போனாள். திரும்பி வந்தபோது மாமியாரின் கட்டில் காலி. ஆபரேஷனுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். எதிர்பார்த்ததுதான். பாட்டிலை மேசைமேல் வைக்கப் போனவள் கை அந்தரத்தில் நின்றது.

மேசைமேல் இருந்த தட்டில், கத்தரியால் வெட்டப்பட்ட சிவப்புப் பட்டை கிடந்தது. அதில் மாமியாரின் பெயர்.

"சிஸ்டர், இத ஏன் வெட்டுனீங்க?"

"தியேட்டருக்கு அனுப்பும்போது புதுசு அச்சாகும்மா. வெள்ளையாத்தான் வந்துச்சு. அவங்களுக்கு ஒவ்வாமை எதுவும் இல்லைன்னு காட்டுது."

"அவங்க ஒண்ணும் சொல்லலையா?"

"மயக்க மருந்துக்கு முன்னாடி ஒரு ஊசி போட்டோமே, நல்லா தூங்கிட்டாங்க."

சாவிக்காரர் மகள் அந்தச் சிவப்புப் பட்டையைக் கையில் எடுத்தாள். முடிதிருத்துபவருக்கு யாரும் சொல்லாத ஒவ்வாமை. மாமியாருக்குச் சொல்வதற்கு முன்னால் ஏறியிருந்த ஒவ்வாமை. அவருக்கு அழித்தார்கள், இவளுக்கு அழிந்தது. மாதிரி நோயாளியின் அந்த வெற்றுப் பட்டியலை நகல் எதுவும் தனக்கென்று எடுத்துக்கொண்டு போகவில்லை. இந்த வாரம் வந்த அத்தனை பேரும் ஒரே பட்டியலைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். டாக்டருக்குச் சரியாக இருந்தது ஒவ்வாமைக்கு நஞ்சாக இருந்தது. அவள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து எடை போட்டிருந்தாள்.

ஓடினாள். லிஃப்ட் வரவில்லை, படியேறி ஓடினாள். செருப்பு ஒன்று கழன்றது, நின்று எடுக்கவில்லை. கத்தி வைப்பதற்கு முன்னால் கிருமி தாக்காமலிருக்க ஓர் ஊசி போடுவார்கள் என்பதும், அது பெரும்பாலும் எந்தக் குடும்பத்து மருந்து என்பதும் அவளுக்குத் தெரியும். அந்தத் திரையையும் அவள்தான் எழுதினாள். ஊசி போடுவதற்கு முன் ஒவ்வாமை உண்டா என்று அது பார்க்கும், இல்லையென்றால் பச்சை காட்டும். இப்போது பச்சை காட்டிக்கொண்டிருக்கும்.

தியேட்டர் வாசலில் இருந்த காவல்காரர் கையை நீட்டி மறித்தார். "உள்ள போகக் கூடாதும்மா."

"உள்ள இருக்கிறது என் அத்தை. அவங்களுக்குப் பென்சிலின் ஆகாது. போட்டா செத்துடுவாங்க. போய்ச் சொல்லுங்க!"

"அதெல்லாம் கம்ப்யூட்டர்ல பாத்துதான் போடுவாங்க. நீங்க பயப்படாதீங்க."

"கம்ப்யூட்டர் பொய் சொல்லுதுய்யா! அத எழுதினவளே நான்தான், நான் சொல்றேன்!"

அவள் போட்ட கூச்சலில் மயக்க மருந்து டாக்டர் முகமூடியோடு வெளியே வந்தார். அவள் வெட்டுப்பட்ட சிவப்புப் பட்டையை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். அவர் பட்டையைப் படித்தார், அவளைப் பார்த்தார், திரும்பி உள்ளே ஓடினார். கதவு ஆடி நின்றது. அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில் அவள் மாமியாரோடு போட்ட சண்டைகள் எதுவும் நினைவுக்கு வரவில்லை. தெருமுனையில் நிற்கும் கிழவி மட்டும் வந்தாள்.

டாக்டர் மறுபடி வெளியே வந்தார். "சிரிஞ்சுல எடுத்து வெச்சிருந்தோம். போடல. ஆபரேஷன இன்னைக்கு நிறுத்திட்டேன்."

அவள் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. அழுதாள். அழுகையின் நடுவிலேயே அடுத்த பயம் வந்தது. பட்டியலில் அந்தப் பென்சிலினை முதலில் ஏற்றியது யார்? மாமியார் இல்லை. அவள் வருவதற்கு முன்பே அது இருந்தது. அப்படியானால் இந்தக் கட்டடத்தில் எங்கேயோ இன்னொருவர் படுத்திருக்கிறார். அவருக்கும் திரை பச்சை காட்டிக்கொண்டிருக்கிறது.

எழுந்து நடந்துகொண்டே மேலாளரை அழைத்தாள். நடந்ததைக் கேட்டதும் அவர் முதலில் கேட்டது, "ஆஸ்பத்திரிக்காரங்களுக்குத் தெரியுமா?"

"இப்பப் போய்ச் சொல்லப் போறேன் சார்."

"அவசரப்படாதீங்க. நகல மறுபடி டீப்பா மாத்தி ஏத்திடலாம். ஆளுக்கு ஒரு பட்டியல் தனித்தனியா ஆயிடும். அவங்களுக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்ல. அரை மணி நேரம் குடுங்க."

"சார், இருக்கிறதே ஒரு பட்டியல்தான். அது இப்பக் காலி. அத எத்தனை ஆழமா நகல் எடுத்தாலும் ஆளுக்கு ஒரு காலிப் பட்டியல்தான் கிடைக்கும். சட்டியில இல்லாதது அகப்பையில எப்படி சார் வரும்?"

"இருந்தாலும் கம்பெனி பேரு…"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், ஊசி ஏறிய உடம்பை எதில் மறைப்பது? அவள் இணைப்பைத் துண்டித்தாள். வேலை போகும் என்று அந்த நொடியில் அவளுக்குத் தெரிந்தது. பயமாகத்தான் இருந்தது. தன் மகளின் பள்ளிக் கட்டணம்கூட நினைவுக்கு வந்தது. ஆனால் கால்கள் நிற்கவில்லை.

தலைமை நர்ஸ் தன் அறையில் கோப்புகளுக்கு நடுவே இருந்தார். அவள் நின்றபடியே சொன்னாள். அவருக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை.

"பேரு தனித்தனியாத்தானே இருக்கு? அப்புறம் இது மட்டும் எப்படிம்மா ஒண்ணாகும்?"

"சிஸ்டர், எங்கப்பா சாவி போடறவரு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி வீடு கட்டிக் குடுத்துட்டேன்னு நான் நெனச்சேன். இல்ல. ஒரே வீட்டுக்கு நூறு சாவி போட்டுக் குடுத்திருக்கேன். யாரு உள்ள போய் எத வெச்சாலும் எல்லாருக்கும் தெரியும். யாரு எத எடுத்தாலும் எல்லாருக்கும் போயிடும்."

தலைமை நர்ஸின் முகம் மாறியது. "நான் அதே மாதிரின்னு சொன்னது…"

"அந்த மாதிரி ஒண்ணுன்னு சொன்னீங்க. நான் அந்த மாதிரியையே தூக்கிக் குடுத்துட்டேன். உங்க தப்பு இல்ல சிஸ்டர். இந்த வாரம் வந்தவங்க யாருக்கும் நாம கேட்டுத் தெரிஞ்சுக்காம ஊசி போடக் கூடாது. உடனே நிறுத்துங்க."

அந்த அம்மாள் திட்டவில்லை. திட்டுவதற்கு நேரம் இல்லை என்பதுதான் காரணம், அன்பு அல்ல. ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார். எல்லா வார்டிலும் ஊசி வண்டிகள் நின்றன. நர்ஸுகள் கட்டில் கட்டிலாகப் போய், கம்ப்யூட்டரைப் பார்க்காமல் மனிதர்களின் முகத்தைப் பார்த்துக் கேட்கத் தொடங்கினார்கள். உங்களுக்கு எந்த மருந்து ஆகாது? சிலர் சொன்னார்கள். சிலர் தெரியாது என்றார்கள். வலியில் இருந்த ஒருவர், "மாமியார் கை மருந்துதான் ஆகாது" என்றார். யாரும் சிரிக்கவில்லை. பென்சிலின் என்று யாரும் சொல்லவில்லை.

கடைசியாக அவளும் தலைமை நர்ஸும் மூன்றாம் மாடிக்கு வந்தார்கள். சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்த பெயிண்டர் ஒருவன், தலையிலும் கட்டு, சேர்த்ததிலிருந்து நினைவு இல்லை. விரல் நகங்களில் இன்னும் நீலப் பெயிண்ட். அவனிடம் கேட்க முடியாது. பக்கத்தில் நாற்காலி காலியாக இருந்தது. கட்டிலில் மாட்டியிருந்த அட்டையைத் தலைமை நர்ஸ் பார்த்தார், பிறகு அங்கே நின்ற நர்ஸைப் பார்த்தார்.

"இவருக்கு எப்பப் போட்டே?"

"இப்பத்தான் சிஸ்டர். நீங்க அறிவிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி. பச்சை காட்டுச்சு."

அவன் உதடு தடித்திருந்தது. கழுத்தில் திட்டுத் திட்டாகச் சிவப்பு. மூச்சு விசில் போல வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த விசில் மெலிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை அவள் ஒரு மூலையில் தள்ளப்பட்டு நின்று பார்த்தாள். டாக்டர்கள் ஓடி வந்தார்கள். தொடையில் ஓர் ஊசி. தொண்டையில் குழாய். யாரோ எண்களைக் கத்தினார்கள். சக்கரங்கள் உருளும் சத்தத்தோடு கட்டிலே வெளியே போனது. தலைமை நர்ஸ் அவனுடைய அக்காவைத் தொலைபேசியில் பிடித்தார். ஒரு தொழிற்சாலையில் துணி மடிக்கிறவள், இயந்திர இரைச்சலுக்கு மேல் கத்திப் பேசினாள். ஒலி வெளியே கேட்டது.

"பென்சிலினா? ஆமாங்க, ஆகாது. அதான் சேர்க்கும்போதே சொன்னேனே. கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு, இனிமே நீங்க கவலைப்படாம வேலைக்குப் போலாம்னு சொன்னாங்களே. ஏன், என்னாச்சு?"

"நேர்ல வாங்கம்மா," என்றார் தலைமை நர்ஸ்.

பெயிண்டரைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். இன்றைய பொழுது தாண்டிவிட்டால் பயமில்லை என்று டாக்டர் சொன்னார். தாண்டுமா என்பதை அவர் சொல்லவில்லை.

மாமியாருக்கு மதியம் தெளிந்தது. கையால் இடுப்பைத் தடவினாள். கட்டு இல்லை. "இன்னும் அறுக்கவே இல்லையா? இவனுங்களும் டீயா காப்பியான்னு முடிவு பண்ணிட்டிருக்கானுங்களா?"

மருமகள் சொன்னாள். பட்டியலை, நகலை, பச்சையை, சிரிஞ்சில் எடுத்து வைத்திருந்ததை, மூன்றாம் மாடியை. எதையும் பூசி மெழுகவில்லை. சொல்லும்போது தலையை நிமிர்த்தவும் இல்லை. ஊரெல்லாம் பெருமை பேசிய வாய் இப்போது என்ன பேசும் என்று காத்திருந்தாள். திட்டினால் நல்லது என்றிருந்தது.

கிழவி கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"எனக்கு நீ பக்கத்துல இருந்தே," என்றாள். "பட்டையப் பாத்தே. ஓடுனே. கத்துனே. எழுதுனவளே எனக்கு மருமகளா வாய்ச்சதால நான் பொழச்சேன்."

"ஆமா அத்தை."

"அந்தப் பையனுக்குப் பக்கத்துல யாரு இருந்தா?"

பதில் இரண்டு பேருக்கும் தெரியும்.

"அக்காக்காரி கம்ப்யூட்டர நம்பி வேலைக்குப் போயிட்டா. அவ நம்புனது உன்னத்தான்டி." மாமியாரின் குரல் உடைந்தது. கோபமா அழுகையா என்று பிரிக்க முடியவில்லை. "இங்க எதுக்கு உக்காந்திருக்க? எனக்குத்தான் ஒண்ணும் ஆகலியே. போ. அங்க போய் உக்காரு."

அவள் போனாள். போகும் வழியில் மேலாளர் மூன்று முறை அழைத்தார், எடுக்கவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் கண்ணாடிக்கு வெளியே ஒரு நாற்காலிதான் இருந்தது. அதில் உட்கார்ந்தாள். உள்ளே இயந்திரம் அவனுக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. இன்ன இடத்தில் இன்ன வரியை மாற்ற வேண்டும், டாக்டரைப் பொதுவில் வைக்க வேண்டும், ஒவ்வாமையை ஆளுக்கு ஒன்றாகப் பிரிக்க வேண்டும் என்று மூளை தானாகவே திருத்திக்கொண்டிருந்தது. இவ்வளவு எளிது என்பதே அவளைக் குத்தியது. அந்த மார்பு ஏறி இறங்குவதை விட்டுக் கண்ணை எடுக்க அவளுக்குத் தைரியம் இல்லை.

மாலையில் தாழ்வாரத்தின் அந்தக் கோடியிலிருந்து ஒரு பெண் வேகமாக வந்தாள். தொழிற்சாலைச் சீருடை, தலைமுடியில் பஞ்சு. கண்ணாடியில் இரண்டு கையையும் ஊன்றி உள்ளே பார்த்தாள். உள்ளங்கை பட்ட இடத்தில் கண்ணாடி வேர்த்தது. பிறகு பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்திருப்பதைக் கவனித்தாள்.

"நீங்க இங்க நர்ஸாம்மா?"

"இல்லைங்க."

"அப்ப உங்க ஆளும் உள்ள இருக்காங்களா?"

சாவிக்காரர் மகள் எழுந்தாள். அந்த ஒற்றை நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டாள்.

"உக்காருங்கம்மா. உங்க தம்பிக்கு என்ன ஆச்சுன்னு நான்தான் சொல்லணும்."